நீலமூடி டியூபில் நான் ஊற்றியது

சுஜா, எனக்க பொன்னு மக்கா,

நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. முதலில் லேப் சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம் என்றுதான் நீயும் சொல்வாய். சென்ட்ரிஃப்யூஜ் இன்னும் கிழவன் இருமுகிற மாதிரி சத்தம் போட்டுத்தான் நிற்கிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இப்போது உடனே பிடித்துக்கொள்கிறது. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லாமல் போனது. உன் முக்காலியில் முதல் வருடப் பெண் ஒருத்தி உட்காருகிறாள். நல்ல பிள்ளைதான். ஆனால் அவள் குனிந்து பிப்பெட் பிடிக்கும்போது பின்னாலிருந்து பார்த்தால் உன் கழுத்து மாதிரியே இருக்கிறது. நான் எதையோ மறந்துவிட்டது போல வராந்தாவுக்குப் போய் நின்றுகொள்கிறேன்.

உன் டியூப் ஃபிரிட்ஜில் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. மேல்தட்டு, இடது ஓரம், நீல மூடி. நீ ஒட்டிய பிளாஸ்திரியில் உன் கையெழுத்து கொஞ்சம்கூட மங்கவில்லை. "சுஜா. எல்சி3. தொட்டால் கை முறியும்." என்னைத் தவிர யாரும் தொடவில்லை. ஃபிரிட்ஜ் துடைக்க வரும் தங்கம் அக்கா மற்ற எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைப்பாள். அந்த ஸ்டாண்டை மட்டும் அசைக்காமல் சுற்றிலும் துணியை ஓட்டுவாள். "அது அந்தப் பிள்ளைக்க சாதனம், கெடக்கட்டு" என்பாள். தினமும் நாலு தடவை ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டியவள் நான். திறந்ததும் முதலில் என்னைப் பார்ப்பது நீதான்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பது உனக்குத் தெரியும். சுடுகாட்டு வழியாகக் குறுக்கே நடந்து ஸ்டேஷனுக்குப் போகிறவள் நான். ஆனால் ஷேக்கர் ஓடும்போது பயமாக இருக்கிறது, சுஜா. தட்டு இந்தப்பக்கம் சாய்ந்து, அந்தப்பக்கம் சாய்ந்து, உள்ளே தண்ணீர் அலைகிற அந்தச் சின்னச் சத்தம். அதற்குள்ளிருந்து யாரோ "ஏட்டி அஜி" என்று மெல்லக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். திரும்பினால் சுவர்தான். சாயங்காலம் இரணியலில் ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும் அந்தச் சத்தம் கூடவே வருகிறது. நான் உன்னிடம் சொல்லாமல் வைத்த ஒன்று இருக்கிறது. நீ அதற்காகத்தான் கூப்பிடுகிறாயோ?

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கே கிளாஸ் எடுக்கியா என்று முறைக்காதே. பட்டினி கிடக்கும் செல், தனக்குள் இருக்கும் பழைய, பழுதான சாமான்களைத் தானே தின்று உயிரைப் பிடித்துக்கொள்ளும். அந்த வேலையில் எல்சி3 என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. செல்லைக் கரைத்து, உள்ளே இருக்கும் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, நாம் பிளாட் என்று சொல்லும் ஒரு வெள்ளைச் சவ்வில் பதித்து, எல்சி3-ஐ மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை அதன்மேல் ஊற்றி ஆட்டுவோம். ஒட்டிய இடத்தில் கறுப்பாக இரண்டு கோடு விழும். செல் தன்னைத் தின்னத் தொடங்கினால் கீழ்க்கோடு தடிக்கும். நீயும் நானும் நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தது இந்தக் கோடுகளைத்தான்.

தேங்காப்பட்டணத்துப் பாறையில் வழுக்கி விழுந்து, முட்டியைப் பேர்த்துக்கொண்டு நீ பறித்து வந்த கடற்பாசி. அதன் சாற்றைக் கொடுத்தால் வயிறு நிறைந்த செல்கூடப் பட்டினிக்காரன் போல நடந்துகொள்கிறது என்று முதல் வருடத்திலேயே காட்டினாய். சாறு கொடுக்காத செல்லில் கீழ்க்கோடு மெலிசு, கொடுத்ததில் தடிப்பு. ஐந்து தடவை செய்தாய், ஐந்து தடவையும் அதே. தின்கிற வேலை வேகமாக நடப்பதால் தடிக்கிறதா, நடுவில் அடைத்துக்கொண்டதால் தடிக்கிறதா என்று நம் கைடு மேடம் கேட்டார். அதற்கும் தனியாகச் சோதனை வைத்து, அடைப்பு இல்லை என்று காட்டினாய். அன்றைக்குப் புதுக்கடை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாயே, கண்டக்டர்கூடச் சிரித்தார்.

ஆன்டிபாடி நம்மைப் போன்ற இடங்களுக்கு லேசில் வருவதில்லை. ஆர்டர் போட்டுவிட்டு மாதக்கணக்கில் வாசலைப் பார்த்திருக்க வேண்டும். அதனால் ஒருமுறை கலக்கியதை நாம் கீழே கொட்டுவதில்லை. சவ்வை நனைத்து எடுத்தபிறகு திரும்ப டியூபிலேயே ஊற்றி, கெடாமலிருக்க ஒரு சொட்டு மருந்து விட்டு, அடுத்த முறைக்கு வைப்போம். வீரியம் குறைந்தால் உறைமோர் மாதிரி பழசோடு கொஞ்சம் புதுசு சேர்ப்போம். பெரிய இடத்துக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒவ்வொரு தடவைக்கும் நீ மூடியில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாய். அவரவர் டியூப் அவரவருக்கு. மற்றவர் டியூபைத் திறப்பது நம் லேபில் மற்றவர் கடிதத்தைப் பிரிப்பதற்குச் சமம்.

அந்த வெள்ளிக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்காது. கருங்கலில் உன் சித்தி மகளுக்கு நிச்சயம். நாலு மணிக்கே பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாய்.

"ஏட்டி அஜி, எனக்க பிளாட்ட அஞ்சு மணிக்கு எடுத்திரு. ஆன்டிபாடிய திரிச்சு டியூப்ல ஊத்தி வச்சிரு, கேட்டியா?"

"நீ போ மக்கா, நான் பாத்துக்கிடுகேன்" என்றேன்.

ஷேக்கரில் இரண்டு தட்டு இருந்தது. ஒன்று உன்னுடையது. மற்றது என்னுடையது, சைட்டோக்ரோம் சி என்ற வேறொரு புரதத்துக்கான ஆன்டிபாடி. ஐந்து மணிக்குச் சரியாகக் கரண்ட் போனது. ஜன்னல் வெளிச்சத்தில் உன் தட்டை உன் டியூபில் ஊற்றினேன். அதே கையோடு என் தட்டையும் எடுத்துச் சாய்த்தேன். கையில் திறந்திருந்தது உன் டியூப். பாதி போனபிறகுதான் கண்டேன்.

மீதியை என் டியூபில் ஊற்றி மூடினேன். உன் டியூபில் அளவு ஒரேயடியாக ஏறியிருந்தது, பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும். அதனால் கூடுதலாக இருந்ததைத் தொட்டியில் கொட்டி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மூடியில் உன் புள்ளியையும் வைத்து, ஃபிரிட்ஜில் நிறுத்தினேன். முதலில் ஊற்றியது கைத்தவறு. அளவைச் சரிசெய்தது கைத்தவறு இல்லை, சுஜா. அதை நான் யோசித்துச் செய்தேன்.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ நிச்சய வீட்டிலிருந்து ஒரு பொதி முந்திரிக்கொத்தோடு வந்தாய். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கறியில் உப்பு கூடிவிட்டது என்று முகம் சுளித்த கதையைச் சொல்லிச் சிரித்தாய். உன் முந்திரிக்கொத்தை வாயில் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? செவ்வாய்க்கிழமை மேடம் கூடவே இருந்தார். புதன்கிழமை நீ அடுத்த பிளாட்டை அதே டியூபில் போட்டுவிட்டாய். அதற்குப்பிறகு சொன்னால், ஏன் முன்னமே சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துவிடும்.

சைட்டோக்ரோம் சி, எல்சி3-இன் கீழ்க்கோடு நிற்கிற அதே உயரத்தில்தான் வந்து நிற்கும். தின்ற செல், பட்டினி செல் என்ற பேதம் அதற்குக் கிடையாது, எல்லாவற்றிலும் இருக்கும். அந்த வாரத்திலிருந்து உன் சவ்வில் எல்லாத் தடத்திலும் கீழ்க்கோடு ஒரேபோலத் தடித்து விழுந்தது. நீ கண்டுபிடித்த வித்தியாசம் மறைந்துபோனது.

ஐந்து மாதம் நீ பட்ட பாட்டை நான் பக்கத்து முக்காலியிலிருந்து பார்த்தேன். செல்லை மாற்றினாய். உப்புக்கரைசலை மாற்றினாய். மறுபடியும் தேங்காப்பட்டணம் போய்ப் புதுப்பாசி கொண்டுவந்தாய். காலை ஏழு மணிக்கு வந்து கதவு திறக்கக் காத்து நின்றாய். "எனக்க கை சரியில்ல அஜி" என்று ஒருநாள் சொன்னாய். பிறகு அதையே தினமும் சொன்னாய். "மொதல்ல வந்தது எப்பிடியோ வந்து போச்சு. அதப் போயி நான் ஊரெல்லாம் சொன்னேன் பாரு." நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எல்லாம் சரியாகும் என்றேன். என் வாயில் புழு வைக்காதது ஆச்சரியம்தான்.

எனக்குத் தோன்றவே இல்லை என்று இப்போது சொன்னால் அது பொய். தோன்றியது. அரைத்தட்டு ஆன்டிபாடி அத்தனை நாள் நிற்காது, வேறு ஏதாவதாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய் சொல்கிறவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. ஒருநாள் நீயே கேட்டாய்: "புதுசா ஒரு டியூப் கலக்கிப் பாக்கட்டா? ஃபிரீசர்ல ஒரு சின்ன குப்பி பாக்கி கெடக்கு." அந்த ஒரு குப்பியைக் கலக்கியிருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளிச்சமாகியிருக்கும். "இருக்கது அது ஒண்ணுதான். அதையும் வீணாக்காத. மேடம் ஏசுவாங்க" என்றேன். நீ தலையாட்டிவிட்டுப் பழைய டியூபையே எடுத்தாய். என் பேச்சை அப்படிக் கேட்பாயே நீ, அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அப்புறம் மழை வந்தது. எலிக்காய்ச்சல் வந்தது. ஆறே நாள். உன் சாமான்களை எடுத்து வைக்கச் சொல்லி மேடம் என்னிடம்தான் சாவியைத் தந்தார். உன் நோட்டைப் புரட்டினேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின பக்கம் வரைக்கும் வித்தியாசம் இருக்கிறது, அடுத்த பக்கத்திலிருந்து இல்லை. கத்தியால் வெட்டின மாதிரி. கடைசிப் பக்கத்தில் நீ இரண்டே வரி எழுதியிருந்தாய். "முதல் வருட முடிவு தவறு. தவறு என்னுடையது." நீ அதை நம்பிக்கொண்டே போய்விட்டாய். அந்த வரியை நான் நின்றபடியே படித்தேன். நோட்டை மூடி அட்டைப்பெட்டியில் வைத்தேன். அப்போதும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு செல் வகை வந்தது. எல்சி3-க்கான மரபணுவையே வெட்டி எடுத்துவிட்ட செல். அதில் எல்சி3 இருக்க வழியே இல்லை. ஒழுங்கான ஆன்டிபாடி என்றால் அந்தத் தடத்தில் கீழ்க்கோடும் விழக்கூடாது, மேல்கோடும் விழக்கூடாது. மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"அஜிதா, சுஜாவோட டியூப இதுல ஓட்டிப் பாரு. கோடு விழுந்தா, ஆன்டிபாடியே சரியில்லன்னு ஒரு வரி எழுதி அந்த வேலைய மூடிடலாம். அந்தப் பிள்ளைக்கும் கெட்ட பேர் வேண்டாம்."

ஆறு மாதத்துக்குப் பிறகு உன் டியூபின் மூடியைத் திருகினேன். தங்கம் அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டுத் துணியோடு திரும்பிப் போனாள். ஊற்றினேன், ஆட்டினேன், கழுவினேன். டார்க் ரூமில் ஃபிலிமைக் கரைசலில் போட்டதும் கீழ்க்கோடு மட்டும் எழுந்து வந்தது. இல்லாத புரதத்துக்கு, இருக்கக்கூடாத தடத்தில், நல்ல கறுப்பாக. பார்த்துக்கொண்டே இருந்தேன். இது உன் கோடு இல்லை, என்னுடையது என்று அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மேடம் பெருமூச்சு விட்டார். "பாத்தியா, கம்பெனிக்காரன் சரக்கே மோசம். சுஜா மேல தப்பில்ல." எல்லோருக்கும் நிம்மதி. உன் பெயர் கெடாது, என் பெயரும் கெடாது, எங்கேயோ இருக்கிற கம்பெனி திட்டு வாங்கிக்கொள்ளும். உன் கடற்பாசி மட்டும் பொய்யாகிவிடும். நீ கண்டது உண்மை என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாமல் போகும். இரண்டு நாள் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உன்னிடம் மறைப்பானேன், அந்த இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண், உன் முக்காலிக்காரி, உன் சாமான் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "அக்கா, இத இனி களஞ்சிரட்டா?" என்று கேட்டாள். மேலாக இருந்தது உன் நோட்டு. வேண்டாம் என்று அதட்டிவிட்டேன். பாவம், அவள் பயந்துபோனாள். அன்றைக்கே ஃபிரீசரைத் திறந்து உன் சின்னக் குப்பியை எடுத்தேன்.

புது டியூபில் கலக்கினேன். மூன்று தடவை ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினேன், திரும்ப ஊற்றவில்லை. மரபணு வெட்டிய செல்லின் தடம் மூன்று தடவையும் வெறுமையாக இருந்தது. சாறு கொடுக்காத செல்லில் கீழ்க்கோடு மெலிசு. பாசிச்சாறு கொடுத்ததில் தடிப்பு. முதல் வருடம் நீ காட்டினது போலவே, அச்சு அசல். கடைசியாக என் சைட்டோக்ரோம் சி-ஐ மட்டும் தனியாக ஓட்டினேன். உன்னை ஐந்து மாதம் அழவைத்த அந்தக் கோடு அதே உயரத்தில் வந்து நின்றது. நான் டார்க் ரூமின் தரையில் உட்கார்ந்து அழுதேன். நீ ஜெயித்துவிட்டாய், அதைச் சொல்ல நீ இல்லை.

நாலு ஃபிலிமையும் மேடத்தின் மேசையில் வைத்துச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"ஊத்தின அண்ணைக்கே தெரியும் மேடம்."

நாலு ஃபிலிமையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "கலப்பு ஏற்பட்டதுன்னு எழுதினாப் போதும். யாருன்னு எதுக்கு? உன் தீசிஸ் இருக்கு, உன் வாழ்க்கை இருக்கு" என்றார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். யாரென்று எழுத வேண்டும் என்றேன். அதற்கப்புறம் காரியங்கள் தானாக நடந்தன. என்னை விசாரிக்க ஒரு கமிட்டி உட்கார்ந்திருக்கிறது. என் தீசிஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உன் கடற்பாசி பற்றி வரப்போகும் கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையது. எழுதியவர்கள் வரிசையில் என் பெயர் இருக்காது. டியூபில் என்ன நடந்தது, யார் செய்தது என்று சொல்லும் பத்தியில் மட்டும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை புதுக்கடைக்கு, உன் வீட்டுக்குப் போனேன். முந்திரி உடைக்கும் அண்டியாபீசுக்கு லீவு என்பதால் உன் அம்மா வீட்டில் இருந்தாள். அடுக்களை வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வா மக்கா, ஒண்ணு மெலிஞ்சு போனியே" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டபிறகு சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆனது. எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, இரண்டு தட்டு, தொட்டியில் கொட்டியது, சின்னக் குப்பியைத் தொடாதே என்று தடுத்தது. அவள் கையில் கத்தி நின்றுவிட்டது.

"ரெண்டும் கலந்து போச்சு. கலந்தது நீ. பொறவு சொல்லவும் இல்ல. அப்பிடித்தானே?"

"ஆமா அம்மா."

"அஞ்சு மாசம் அவ இந்த வீட்டுல சரியா சோறு திங்கல்ல. நீ கூடதான இருந்த."

அவள் கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில வச்சு அவ ஒண்ணு சொன்னா. எனக்க டியூப அஜிகிட்ட குடுக்கச் சொல்லும்மா, அவளுக்க கை நல்ல கை, அவ செஞ்சா வரும்ன்னு. எனக்கு அது ஒனக்கிட்ட சொல்ல மனசு வரல்ல. இண்ணைக்குத்தான் சொல்லுகேன்."

அவள் என்னை ஏசவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்து முன்னறைக்குக் கூட்டிப்போனாள். உன் படத்தின் முன்னால் நிறுத்தினாள்.

"எனக்கிட்ட சொல்லி என்ன? அவகிட்ட சொல்லு."

சொன்னேன். உதடு அசைந்தது, சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பின்னாலிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது.

"கேக்கல்ல மக்கா. கொஞ்சம் சத்தமா, ஒறக்கச் சொல்லு."

மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அவள் "ஒறக்க" என்றாள். அன்றைக்கு அதற்குமேல் என் தொண்டையிலிருந்து சத்தம் எழவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிற கடிதத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். சுஜா, உன் டியூபில் என் ஆன்டிபாடியை ஊற்றியது நான்தான். ஊற்றியது தெரிந்தும் மறைத்தேன். நீ கண்டது உண்மை. உன் கையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் புதுக்கடைக்குப் போவேன். உன் படத்தின் முன்னால் நின்று இதையே சொல்வேன். உன் அம்மா "கேட்டுது மக்கா" என்று சொல்லும்வரை, ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் ஒறக்கச் சொல்வேன்.

உன் கூட்டுக்காரி,
அஜிதா